‘ஃப்ரீ சீட்’ யாருடைய பணம்? சிறுநகரக் கல்லூரிகள் விளையாட்டு வீரர்களைச் சேர்க்கும் முறையும் தலித் மாணவர்களின் உரிமையும்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதம், சிறுநகரக் கல்லூரிகளின் உடற்கல்வித் துறைகளுக்கு அறுவடைக் காலம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிவகங்கை வட்டாரங்களில் கபடியிலோ தடகளத்திலோ கால்பந்திலோ பெயர் எடுத்த மாணவரின் வீட்டுக்கு அந்த மாதத்தில் இரண்டு மூன்று கல்லூரிகளிலிருந்தேனும் அழைப்பு வரும். “தம்பி, நம்ம காலேஜுக்கு வந்துருப்பா. ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ. மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்பதே பெரும்பாலும் அந்த அழைப்பின் சாரம். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெற்றோருக்கு இந்த நான்கு வாக்கியங்கள் ஒரு வாழ்க்கையையே மாற்றக்கூடியவை. பலருக்கு மாற்றியும் இருக்கின்றன.

ஆனால் இந்த வாக்குறுதி எங்கும் எழுதப்படுவதில்லை. அதனால் அது உடையும்போது மாணவரின் கையில் எந்த ஆதாரமும் இருப்பதில்லை. விளையாட்டு வழிச் சேர்க்கை எப்படி நடக்கிறது, அதில் யார் என்ன பெறுகிறார்கள், சட்டம் எங்கே துணை நிற்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் வாதம் ஒன்றே: தலித் மாணவருக்குக் கல்லூரி ‘இலவசமாக’ அளிப்பதாகச் சொல்வதில் பெரும்பகுதி, அரசு அவருக்கு ஏற்கெனவே வழங்கக் கடமைப்பட்டது. மீதமுள்ளது அவர் தன் உழைப்பால் ஈட்டுவது. இரண்டையும் கருணையாகப் பெறத் தேவையில்லை. உரிமையாக, எழுத்தில் பெற வேண்டும்.

தேடல் எப்படி நடக்கிறது

கல்லூரி உடற்கல்வி இயக்குநரின் தேடல் மே மாதத்தில் தொடங்குவதில்லை. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கும் பள்ளி விளையாட்டுப் போட்டிகள்தான் அவருடைய முதல் களம். குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகளிலும், முதலமைச்சர் கோப்பைக்கான மாவட்டப் போட்டிகளிலும் திடலின் ஓரத்தில் நின்று யார் ஓடுகிறார், யார் ரைடு போகிறார், யார் கார்னரில் பிடிக்கிறார் என்று அவர் குறித்துக்கொள்கிறார்.

இரண்டாவது களம், பொங்கலையும் கோயில் திருவிழாக்களையும் ஒட்டி மின்விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய நடக்கும் ஊர்க் கபடிப் போட்டிகள். பள்ளி அணியில் இடம் கிடைக்காதவர்களும், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர்களும் கண்ணில் படுவது இங்கேதான். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கி, 2017இல் தமிழ் தலைவாஸ் அணி வந்தபின் இந்தப் போட்டிகளுக்குக் கூடும் கூட்டமும் இளைஞர்களின் எதிர்பார்ப்பும் மேலும் பெருகியிருக்கின்றன.

மூன்றாவது, தொடர்பு வலை. பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களும் கல்லூரி உடற்கல்வி இயக்குநர்களும் பெரும்பாலும் ஒரே கல்லூரிகளில் படித்தவர்கள். ஒரே போட்டிகளுக்கு நடுவர்களாகச் செல்பவர்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி காரைக்குடியிலேயே இருப்பதால் இந்த வட்டாரத்தில் அந்த வலை நெருக்கமானது. “சார், நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்” என்ற ஒரு தொலைபேசி அழைப்பு பல சேர்க்கைகளின் தொடக்கம்.

முடிவுகள் வெளியானபின் வீட்டுக்கு வருதல், பெற்றோரிடம் பேசுதல், தேர்வுப் போட்டிக்கு அழைத்தல், விண்ணப்பம் நிரப்புதல் ஆகியவை சில வாரங்களில் முடிந்துவிடுகின்றன. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களுக்கான சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடத்தப்படுகிறது. பொறியியல் கலந்தாய்விலும் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இவை சான்றிதழ் அடிப்படையில், வெளிப்படையான விதிகளோடு நடப்பவை. தனியார் கல்லூரிகளின் ‘ஃப்ரீ சீட்’ அப்படியன்று. யாருக்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை உடற்கல்வி இயக்குநரும் நிர்வாகமும் பேசி முடிவு செய்வார்கள். அதற்குப் பொதுவில் வைக்கப்பட்ட விதி எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை.

திடலுக்குள் வர முடியாதவர்கள்

தேடுபவரின் கண்ணுக்குத் திடலில் இருப்பவர் மட்டுமே தெரிவார். எனவே திடலுக்குள் யார் வர முடிகிறது என்பதே முதல் கேள்வி. ஊர்க் கபடிப் போட்டி கோயில் திருவிழாவோடு பிணைந்தது. திருவிழாவில் யாருக்கு இடமில்லையோ, போட்டியிலும் அவர்களுடைய இடம் பேரத்துக்குரியதாகிவிடுகிறது. 1979இல் திருவிழா உரிமை தொடர்பான மோதலில் உஞ்சனையில் ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டதையும், கண்டதேவி தேரின் வடத்தைத் தொடும் உரிமைக்காக நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏற வேண்டியிருந்ததையும், பதினேழு ஆண்டுகள் ஓடாமல் நின்ற அந்தத் தேர் 2024இல்தான் மீண்டும் ஓடியதையும் இந்த மாவட்டத்தின் விளையாட்டு வரலாற்றுக்கு வெளியே வைத்துப் பார்க்க முடியாது.

வெற்றி பெற்றாலும் ஆபத்து நீங்குவதில்லை. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, பொதுத்தேர்வு எழுதப் பேருந்தில் சென்ற பதினோராம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரின் விரல்கள் வெட்டப்பட்டன. கபடிப் போட்டியில் ஆதிக்க சாதியினரின் அணியை வென்றதே காரணம் என்று அவருடைய குடும்பத்தினர் கூறினர். அதற்கு முந்தைய மாதம் நமது சிவகங்கை மாவட்டத்தில், மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காகத் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. ரைடு போகும் கை, பந்தை எறியும் கை, வண்டியின் பிடியைத் திருகும் கை என்று தலித் இளைஞரின் உடல் பெருமிதம் கொள்ளும் ஒவ்வோர் இடத்திலும் சாதி குறுக்கே நிற்கிறது.

இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசியலமைப்பின் 15(2) கூறு பொது இடங்களைப் பயன்படுத்துவதில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவு பொதுப் பொழுதுபோக்கு இடங்களிலும் கல்வி நிலையங்களிலும் நுழைவதைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. ஊராட்சித் திடலில் தலித் அணியை ஆடவிடாமல் தடுப்பது ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் நடந்தாலும் குற்றமே.

கல்லூரிக்கு என்ன கிடைக்கிறது

‘ஃப்ரீ சீட்’ கொடுக்கும் கல்லூரி பதிலுக்கு எதைப் பெறுகிறது என்பதை மாணவரிடம் யாரும் சொல்வதில்லை. பட்டியலிட்டுப் பார்த்தால் அது சிறிய வரவன்று.

தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழுவான நாக், ஒரு கல்லூரியை மதிப்பிடும்போது ஐந்தாவது அளவுகோலான மாணவர் ஆதரவு மற்றும் முன்னேற்றத்தின் கீழ் மாணவர்கள் வென்ற விளையாட்டுப் பதக்கங்களையும் விருதுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பல்கலைக்கழக அளவிலான கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கோப்பை வென்றால் அடுத்த ஆண்டு விளம்பரப் பதாகையில் அணியின் படம் இடம்பெறுகிறது. இடங்கள் நிரம்பாமல் தவிக்கும் சுயநிதிக் கல்லூரிக்கு ஒரு நல்ல ரைடர் வந்தால் அவருடன் படித்த நண்பர்கள் நான்கு பேரும் சேர்ந்து வருவார்கள். ஆக, இது ஒரு பரிமாற்றம். காலை ஐந்தரை மணிக்கும் மாலை நான்கரை மணிக்கும் திடலில் ஊற்றும் வியர்வைக்கு ஈடாகக் கல்லூரி தரும் கூலிதான் கட்டண விலக்கு.

இப்படிச் சொல்வது உடற்கல்வி இயக்குநர்களைக் குறை கூறுவதற்கன்று. அவர்களில் பலர் மிகக் குறைந்த நிதியில் அணியை நடத்துபவர்கள். மாணவருக்குச் சொந்தக் காசில் ஷூ வாங்கித் தருபவர்கள். அவர்களே இந்த வழியில் ஏறி வந்தவர்கள். சிக்கல் அமைப்பில் இருக்கிறது. வாக்குக் கொடுப்பவர் இயக்குநர். பணத்தை முடிவு செய்வது நிர்வாகம். இயக்குநர் மாறினால், அல்லது நிர்வாகத்துக்கும் அவருக்கும் பிணக்கு வந்தால், வாக்கும் அவரோடு போய்விடுகிறது.

‘இலவசம்’ யாருடைய பணம்?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். பட்டியல் சாதி மாணவர் ஒருவரின் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், பன்னிரண்டாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கு அவர் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை பெறத் தகுதியுடையவர். 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி இதன் செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் ஏற்கின்றன; ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் ஆகியோரின் கட்டணத்தை அரசு ஏற்பதற்கு 11.09.2012 நாளிட்ட 92ஆம் எண் அரசாணை வழி செய்தது. அரசுக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும் மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்குகின்றன. ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்லூரி விடுதிகள் தனியாக உள்ளன.

இப்போது அந்தத் தொலைபேசி அழைப்பை மீண்டும் எண்ணிப் பாருங்கள். “ஃபீஸ் கிடையாது” என்று ஒரு தலித் மாணவரிடம் சொல்லப்படும்போது, அந்தக் கட்டணத்தைக் கல்லூரி விட்டுக்கொடுக்கிறதா, அல்லது அவர் பெயரில் அரசிடமிருந்து பெறுகிறதா? உதவித்தொகை விண்ணப்பத்தில் மாணவரிடம் கையெழுத்து வாங்கி, தொகை கணக்குக்கு வந்ததும் அதைக் கல்லூரிக்குச் செலுத்தச் சொல்லி, அதே நேரத்தில் “உன்னை ஃப்ரீயாகப் படிக்க வைக்கிறோம்” என்று சொல்லும் நிலை இருக்குமானால், அங்கே கல்லூரியின் தியாகம் எதுவும் இல்லை. மாணவர் தன் சட்டப்பூர்வ உரிமையால் கட்டணம் செலுத்துகிறார். அதற்கு மேல் தன் உடலுழைப்பையும் அளிக்கிறார். வசதி படைத்த சாதியிலிருந்து வந்த சக வீரருக்குக் கல்லூரி உண்மையாகவே கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. தலித் வீரருக்குத் தள்ளுபடி செய்தது அரசு. ஆனால் நன்றிக்கடன் மட்டும் இருவரிடமும் சமமாக வசூலிக்கப்படுகிறது.

எல்லாக் கல்லூரிகளும் இப்படிச் செய்கின்றன என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கே எப்படி நடக்கிறது என்பதை மாணவர் அறிய வழியில்லாமல் இருப்பதே எங்கள் குறை. சேர்க்கையின்போது தரப்படும் கட்டண ரசீதும் வங்கிக் கணக்குப் புத்தகமும் மாணவரின் கையில் இருந்தால் இந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. தனியார் கல்லூரியில் ‘விளையாட்டு ஒதுக்கீடு’ என்று வாயால் சொல்லப்படும் இடம், ஏட்டில் நிர்வாக ஒதுக்கீடாகப் பதியப்படலாம். 92ஆம் எண் அரசாணைக்குப் பின்னர் வந்த திருத்தங்கள் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோரை இந்த உதவியிலிருந்து விலக்கியுள்ளன. அதாவது, எந்தப் பத்தியில் தன் பெயர் எழுதப்படுகிறது என்பதைக் கவனிக்காத மாணவர், மூன்று ஆண்டுகளுக்கான உதவித்தொகையை ஒரே கையெழுத்தில் இழக்கக்கூடும். அணியில் இருக்கும்வரை அது தெரியாது. அணியிலிருந்து நீக்கப்படும் நாளில்தான் முழுக் கட்டணமும் அவர் தலையில் விழும்.

இரண்டு வாழ்க்கைகள்

இந்த வழியின் வலிமையையும் அதன் பலவீனத்தையும் அறிய இரண்டு பெண்களின் வாழ்க்கையைப் பார்க்கலாம்.

அண்டையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர்களான தலித் பெற்றோருக்குப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் அவர் ஓடியதைக் கண்ட ஒரு பயிற்சியாளர் தம் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். கட்டணமும் சீருடையும் மதிய உணவும் கிடைத்தன. பிறகு புதுக்கோட்டையில் ஒரு கலைக் கல்லூரி உதவித்தொகையுடன் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டே சென்னைக் கல்லூரி ஒன்றுக்கு மாறினார். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையின் பெயரால் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 15 லட்சம் ரூபாய் பரிசளித்தது. அதைக் கொண்டு அவர் ஏழைக் குழந்தைகளுக்குப் பயிற்சி அளித்தார். ஆனால் ஓட வைத்த விளையாட்டு அமைப்புகள் அவருக்காக நிற்கவில்லை. 2012இல் அவர் மீண்டும் செங்கல் சூளையில் கூலி வேலை செய்த செய்தி நாட்டை உலுக்கியது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் பணி கிடைத்தது.

மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி, பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். பள்ளியின் இறுதி ஆண்டில் வெறுங்காலுடன் ஓடிய அவரைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டார். பேருந்துக் கட்டணத்துக்குக்கூட வழியில்லாத குடும்பம் என்பதால் பாட்டி முதலில் தயங்கினார். கண்ணன் அவரிடம் பேசி இசைவு பெற்று, மதுரை லேடி டோக் கல்லூரியில் கட்டணமில்லா இடத்துக்கும் விடுதிக்கும் ஏற்பாடு செய்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ரேவதி இந்தியாவுக்காக ஓடினார்.

இருவரின் திறமையையும் ஒரு பயிற்சியாளரின் கண்தான் முதலில் கண்டது. கல்லூரி என்ற படி இருவருக்கும் தேவைப்பட்டது. இந்த வழி அடைபட வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நல்ல மனிதர் ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்பு நேர்ந்தால் வாழ்வு, நேராவிட்டால் சூளை என்ற நிலை ஓர் ஏற்பாடாக இருக்க முடியாது. வெல்லும் காலத்தில் கிடைக்கும் ஆதரவு வீழும் காலத்திலும் கிடைக்க வேண்டுமானால் அது எவருடைய மனநிலையையும் சாராமல் இருக்க வேண்டும்.

வாக்கு உடையும் நான்கு இடங்கள்

எங்களிடம் ஆலோசனை கேட்டு வரும் மாணவர்களின் குறைகள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்குகின்றன.

முதலாவது, காயம். கபடியில் முழங்கால் தசைநார் கிழிவது அரிதன்று. மண் தரையில் பழகியவர் மேட்டில் ஆடும்போதும், மேட்டில் பழகியவர் மண்ணில் ஆடும்போதும் ஆபத்து கூடுகிறது. அறுவைச் சிகிச்சை செலவை யார் ஏற்பது என்பது சேர்க்கையின்போது பேசப்படுவதே இல்லை. ஆறு மாதம் ஆட முடியாத மாணவர் அடுத்த பருவத்தில் “ஃபீஸ் கட்டு” என்ற சொல்லைக் கேட்க நேர்கிறது.

இரண்டாவது, சான்றிதழ். வேறு கல்லூரிக்கு மாற விரும்பினாலோ, படிப்பை நிறுத்த நேர்ந்தாலோ, மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் அசல் சான்றிதழ் தரப்படும் என்ற மிரட்டல் எழுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கல்லூரி அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும். தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. கல்விச் சான்றிதழ் அடகு வைக்கத்தக்க பண்டமன்று என்று சென்னை உயர் நீதிமன்றமும் பல வழக்குகளில் கூறியுள்ளது.

மூன்றாவது, ஒப்பந்தப் பத்திரம். “மூன்று ஆண்டுகள் இந்தக் கல்லூரிக்கே ஆடுவேன், இல்லையேல் கட்டணத்தைத் திருப்பிச் செலுத்துவேன்” என்று எழுதி வாங்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவருக்குப் பெரும்பாலும் பதினேழு வயதுதான். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அத்தகைய ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்பது 1903ஆம் ஆண்டின் மோஹோரி பீபி வழக்கிலிருந்து நிலைபெற்ற சட்டம். பதினேழு வயதில் போட்ட கையெழுத்தைக் காட்டி எவரும் மாணவரை மிரட்ட முடியாது. பெற்றோரின் கையெழுத்தைப் பெற்றிருந்தால் நிலைமை வேறுபடலாம். எனவே பெற்றோர் படித்துப் பார்க்காத எதிலும் கையெழுத்திடக் கூடாது.

நான்காவது, படிப்பு. போட்டிகளுக்காக வெளியூர் சென்ற நாட்களுக்கு ஓ.டி. பதியப்படாமல் வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. பதக்கம் கல்லூரிக்கு, அரியர் மாணவருக்கு என்று முடியும் கதைகள் பல. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை பெற நினைப்பவருக்கும் பட்டம் தேவை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆனால் அங்கே கேட்கப்படுவது முறையான படிவம்: சர்வதேசப் போட்டிக்கு முதலாம் படிவம், தேசியப் போட்டிக்கு இரண்டாம் படிவம், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு மூன்றாம் படிவம், தேசியப் பள்ளி விளையாட்டுக்கு நான்காம் படிவம். ஊர்க் கபடியில் வென்ற நூறு கோப்பைகள் ஒரு படிவத்துக்கு ஈடாகா. கல்லூரி அணியில் மட்டும் ஆடி, பல்கலைக்கழக அணிக்கான தேர்வுக்கு அனுப்பப்படாத மாணவர் மூன்று ஆண்டுகள் கழித்து வெறுங்கையோடு வெளியேறுகிறார். அணித் தேர்வு யாருடைய விருப்பப்படி நடக்கிறது என்பது இதனால்தான் சாதிக் கேள்வியாகவும் ஆகிறது.

மாணவியர் நிலை

மாணவியருக்கு இந்த ஆபத்துகளோடு மேலும் ஒன்று சேர்கிறது. அணியில் இடம், வெளியூர்ப் பயணம், விடுதி, கட்டணம் ஆகிய அனைத்தும் ஒரே நபரின் சொல்லைச் சார்ந்திருக்கும்போது அத்துமீறலுக்கு எதிராகப் பேசுவது கடினம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தால் போக்சோ சட்டம் பொருந்தும். வெளியூர்ப் போட்டிகளுக்கு மாணவியருடன் பெண் அலுவலர் ஒருவர் செல்ல வேண்டும் என்பதைப் பெற்றோர் சேர்க்கையின்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

பிற நாட்டு நடைமுறை

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு இதைவிடப் பன்மடங்கு பெரிய சந்தை. அங்கும் சுரண்டல் உண்டு. கறுப்பின வீரர்களின் உழைப்பில் கல்லூரிகள் கொழித்தது குறித்துப் பல வழக்குகள் நடந்தன. ஆனால் இரண்டு செய்திகள் நமக்குப் பயன்படும். ஒன்று, பயிற்சியாளர் எந்தக் காலத்தில் மாணவரைத் தொடர்புகொள்ளலாம், எப்போது வீட்டுக்குச் செல்லலாம் என்பதற்கு அங்கே எழுதப்பட்ட விதிகள் உள்ளன. மற்றொன்று, விளையாட்டு உதவித்தொகை எழுத்து வடிவில் வழங்கப்படுகிறது. பெருங்கல்லூரிகள் அடங்கிய முதல் பிரிவில், உதவித்தொகைக் காலத்துக்குள் காயத்தையோ ஆட்டத்திறன் குறைவையோ காரணம் காட்டி அதை நிறுத்தக் கூடாது. மூன்றாம் பிரிவைச் சேர்ந்த சிறு கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகையே வழங்கக் கூடாது. வறுமை, கல்வித் தகுதி ஆகிய பொது அடிப்படையில்தான் உதவலாம். அதனால் ஆட்டத்தை நிறுத்தியதற்காக அந்த மாணவரின் உதவியை எவரும் பறிக்க முடியாது.

சேருமுன் செய்ய வேண்டியவை

கல்லூரியில் சேரவிருக்கும் மாணவரும் பெற்றோரும் கீழ்க்காண்பவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

1. கட்டணம், விடுதி, உணவு, உபகரணம் ஆகியவற்றில் எது விலக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைக் கல்லூரி முதல்வரின் கையொப்பத்துடன் கடிதமாகப் பெறுங்கள். தர மறுத்தால், பேசியவற்றைத் தொகுத்து முதல்வருக்குப் பதிவஞ்சலிலோ மின்னஞ்சலிலோ நீங்களே அனுப்பிவையுங்கள். அதுவும் ஓர் ஆதாரமே.

2. காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, கட்டண விலக்கு தொடருமா என்ற வரிகள் அக்கடிதத்தில் இருக்க வேண்டும்.

3. சேர்க்கை எந்த ஒதுக்கீட்டில் பதியப்படுகிறது என்று கேட்டு, சேர்க்கைப் படிவத்தின் நகலைப் பெறுங்கள். கல்லூரி எந்த வாக்குக் கொடுத்தாலும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதைக் கைவிடாதீர்கள்.

4. செலுத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது பெறுங்கள். நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் வசூலிப்பது 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டாய நன்கொடைத் தடைச் சட்டத்தின்படி குற்றம்.

5. அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்குக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

6. போட்டிக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் ஓ.டி. கடிதத்தின் நகலையும், பங்கேற்புச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.

7. குறை எழுந்தால் முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்க்கும் குழுவிடம் எழுத்தில் புகார் அளியுங்கள். 2023ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி அக்குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும், ஒரு பெண்ணும் இடம்பெற வேண்டும். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டால் அது குறைதீர்க்கும் குழுவோடு முடியும் செய்தியன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் காவல் நிலையத்தில் புகார் அளிக்க வேண்டியது.

அமைப்புகளின் கடமை

தனி மாணவர் ஒருவர் கடிதம் கேட்டால் “நம்பிக்கை இல்லையா?” என்ற கேள்வியே பதிலாக வரும். அடுத்த நாள் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். எனவே இதைத் தனி மாணவரின் துணிச்சலிடம் விட்டுவிட முடியாது. மாணவர் அமைப்புகளும் தலித் இயக்கங்களும் செய்யக்கூடியவை உண்டு.

அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. கடந்த ஐந்து ஆண்டுகளில் விளையாட்டுப் பிரிவில் சேர்க்கப்பட்டோர் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், பல்கலைக்கழக அணிக்கு யார் யார் அனுப்பப்பட்டனர் என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகளிலிருந்து இந்தத் தகவலைத் திரட்டினாலே உண்மை நிலை தெரிந்துவிடும்.

அதன் அடிப்படையில் பல்கலைக்கழகத்திடமும் உயர்கல்வித் துறையிடமும் மூன்று கோரிக்கைகளை வைக்க வேண்டும். விளையாட்டு வழிச் சேர்க்கைக்கு எல்லா இணைவுக் கல்லூரிகளுக்கும் பொதுவான எழுத்துவடிவ உடன்படிக்கை வேண்டும். காயத்தைக் காரணம் காட்டிக் கட்டண விலக்கை நிறுத்தத் தடை வேண்டும். கல்லூரி அணித் தேர்வுக்கு முன்கூட்டிய அறிவிப்பும், தேர்வானோர் பட்டியலை வெளியிடும் நடைமுறையும் வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை; பல்கலைக்கழகத்தின் ஒரு சுற்றறிக்கையே போதும்.

மே மாதம் வருமுன் இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு காலனியிலும் விளையாடும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைக் கூட்டி, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், விளையாட்டுச் சான்றிதழ் மூன்றையும் முன்கூட்டியே எடுத்துவைக்க உதவுவதும், கல்லூரியிலிருந்து அழைப்பு வரும்போது உடனிருந்து பேச ஒருவரை ஏற்பாடு செய்வதும் எந்தக் கிளை அமைப்பாலும் ஆகக்கூடியவை. வீட்டுக்கு வரும் உடற்கல்வி இயக்குநரை வரவேற்று, தேநீர் கொடுத்து, “சார், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்பதற்கு ஊரில் ஒருவர் இருந்தால் போதும். நல்ல எண்ணத்தோடு வருபவர் எழுதிக் கொடுக்கத் தயங்க மாட்டார்.